காரணம் காணாமையும் காரணம் இல்லாமையும்

கொங்கு நாட்டு மக்களிடையே நோயைப் பற்றிய ஒரு கணக்கு நெடுநாளாக வழங்கி வருகின்றது. உழைத்து உண்பவனை நோய் அணுகாது, உட்கார்ந்து உண்பவனையே அது தேடி வரும் என்பது அக்கணக்கு. கோபிசெட்டிபாளையத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில், தடப்பள்ளி வாய்க்காலும் அரக்கன்கோட்டை வாய்க்காலும் பாயும் நெல்வயல்களிலும், கரும்புத் தோட்டங்களிலும், மஞ்சட் காடுகளிலும் விடியற்போதே இறங்கி வேலை செய்வோர் பலர். அவருள் ஒருவர் ஒரு கையும் காலும் விளங்காது திடீரென வீழ்ந்துவிட்டாராயின், ஊரார் முதலிற் கேட்பன இரண்டு கேள்விகளே. "சர்க்கரை இருந்ததா? கொதிப்பு இருந்ததா?" என்பன அவை. இரண்டும் இல்லை என விடை வருமாயின், "எல்லாம் விதி" எனக் கூறி அனைவரும் அமைந்துவிடுகின்றனர். ஆராய்ச்சி அவ்விடத்தே முற்றுப்பெற்று விடுகின்றது. அஃது அவ்விடத்தே முற்றுப்பெறுதல் தகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அங்ஙனம் வீழ்ந்தார் சிலரிடத்து, வீழ்ச்சிக்கு முன்னரே நெஞ்சினுள் ஒரு கோளாறு நிகழ்ந்துகொண்டிருந்திருக்கும். மருத்துவர் அதனை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். இதய மேலறை நடுக்கம் என நாம் தமிழிற் கூறலாம். நம் இதயம் மேலறை இரண்டும் கீழறை இரண்டும் உடையது. வலது மேலறையின் மேற்புறத்தே அமைந்த ஒரு சிறு கணுவினின்றும் மின்தூண்டல் எழுந்து, முதலில் மேலறைகளையும் பின்னர்க் கீழறைகளையும் சுருங்கச் செய்கின்றது. ஓய்ந்திருக்கும் ஒருவர்க்கு இத்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, தாளம் தப்பாது நிகழும். மேலறை நடுக்கத்திலோ அக்கணுவின் ஆட்சி ஒழிகின்றது. மேலறையின் பல இடங்களிலும் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறாக மின்னலைகள் ஓடுதலின், அவ்வறை சுருங்கி விரிதலை விட்டு வெறுமனே நடுங்குகின்றது. மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட மற்றொரு கணு, அவ்வலைகளுட் சிலவற்றை மட்டுமே கீழே செல்ல விடுகின்றது. அதனாற் கீழறையின் துடிப்பும், அதனை ஒட்டிக் கையில் ஓடும் நாடியும் ஒழுங்கு கெடுகின்றன.

நடுக்கத்தினும் அதன் விளைவே கொடிது. ஓடும் வாய்க்காலிற் பாசி படிவதில்லை. வாய்க்காலோரப் பள்ளத்தில் தேங்கிய நீரிலேயே அது படிகின்றது. இடது மேலறையின் பக்கத்தே பை போன்ற ஒரு சிறு புடைப்பு உளது. மேலறை சுருங்காதபோது அப்பையில் இரத்தம் தேங்கி உறைகின்றது. வால்வுப் பழுது இல்லாத நோயாளரின் மேலறையிற் காணப்படும் இரத்தக் கட்டிகளுட் பத்தில் ஒன்பதளவு இப்பையிலேயே தோன்றுவனவாம். அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லும் குழாயை அடைக்குமாயின் பக்கவாதம் நேர்கின்றது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 1948ஆம் ஆண்டு தொடங்கிய பேராய்வு, வால்வுப் பழுது இல்லாத மேலறை நடுக்கம் உடையார்க்குப் பக்கவாத வாய்ப்பு ஏனையோரினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகும் என்று காட்டிற்று.

இந்நடுக்கத்துக்கு வழக்கமாகக் கூறப்பெறும் காரணங்கள், முதுமை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இதயக் குழாய் அடைப்பு, வால்வுப் பழுது, இதயத் தளர்ச்சி, உடற்பருமன் என்பன. இவை யாவும் நீங்கியோரிடத்தும் அது தோன்றுவதுண்டு. வில்லியம் எவான்ஸ், பீட்டர் சுவான் என்னும் மருத்துவர் இருவர், 1954ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான தம் கட்டுரையில் இத்தகையோரைப் பற்றி ஆராய்ந்து, 'தனித்த நடுக்கம்' என்னும் பெயரால் அதனைக் குறித்தனர். வேறு எந்நோயின் துணையும் இன்றித் தானே வந்தது என்பது அப்பெயரின் பொருள். அப்பெயர் மருத்துவ நூல்களில் நிலைபெற்றுப் பல்லாண்டு வழங்கிற்று.

ஒன்றற்குப் பெயரிடுதல் அறிவின் தொடக்கமாதல் வேண்டும்; சிலபோது அஃது அறிவின் முடிவாகிவிடுகின்றது. 'தனித்தது' என்ற சொல், 'காரணம் இன்னும் புலப்படவில்லை' என்னும் பொருளோடு நில்லாது, 'காரணமே இல்லை' என்னும் பொருளைப் பலர் உள்ளத்திற் பதித்துவிட்டது. காரணம் காணாமை வேறு. காரணம் இல்லாமை வேறு. முன்னது நம் அறிவின் எல்லையைச் சொல்வது. பின்னது உடலின் இயல்பைச் சொல்வது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் படிப்படியாக விளக்கின.

அவற்றுட் சிலவற்றை ஈண்டுக் கூறுதல் தகும். 1998ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரத்து மருத்துவர் மிசேல் ஐசகேர் என்பாரும் அவர் குழுவினரும், விட்டுவிட்டு வரும் நடுக்கத்தைத் தொடங்கி வைக்கும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரலினின்று இடது மேலறைக்கு இரத்தம் கொணரும் சிரைகளின் வாயிலிலிருந்தே எழுவதைக் கண்டனர். இன்று அவ்வாயில்களைச் சூழ்ந்த திசுவைச் சுட்டோ உறையச் செய்தோ மின்னோட்டத்தைத் தடுக்கும் சிகிச்சை இக்கண்டுபிடிப்பினின்றே வளர்ந்தது. 2003ஆம் ஆண்டிற் சீனத்துக் குடும்பம் ஒன்றில் இந்நோய் தலைமுறை தலைமுறையாக வருவதை ஆராய்ந்தோர், இதயத் தசையின் பொட்டாசியம் வழிகளை அமைக்கும் ஒரு மரபணுவில் மாறுதல் இருத்தலைக் கண்டறிந்தனர். எனவே, 'தானே வந்தது' எனப்பட்டதுள் ஒரு பங்கு, தந்தை தாயரிடமிருந்து வந்ததாயிற்று.

இன்னும் சில காரணங்கள் நம் அன்றாட வாழ்வினுள்ளேயே மறைந்து கிடக்கின்றன. விடுமுறை நாட்களில் மிகக் குடித்தவர்க்கு இதயத் தாளம் கெடுவதைக் கண்ட அமெரிக்க மருத்துவர் 1978ஆம் ஆண்டிலேயே அதனை 'விடுமுறை இதயம்' என்றனர். ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்து 2020இல் வெளியான ஆய்வொன்றில், குடிப்பழக்கமும் இந்நடுக்கமும் உடைய 140 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். குடியை விட முயன்ற பிரிவில் நூற்றுக்கு 53 பேர்க்கும், பழக்கத்தை விடாத பிரிவில் நூற்றுக்கு 73 பேர்க்கும் நடுக்கம் மீண்டும் வந்தது. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி மிகையாகச் சுரப்பினும் மேலறை நடுங்கும். உரத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதலும் உடையார்க்கும் அது மிகும். இவற்றை வினவாமலும் சோதிக்காமலும், "உமக்குக் காரணம் ஒன்றும் இல்லை" என ஒருவரிடம் சொல்லுதல், வீட்டின் ஓர் அறையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டில் ஆள் இல்லை எனச் சொல்லுதல் போலாம்.

உழைத்த உடலுக்கு நோயில்லை என்னும் நம்மவர் கணக்கும் ஈண்டு எண்ணத்தக்கது. சுவீடன் நாட்டில் வாசாலோப்பெட் எனப் பெயரிய 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் ஆண்டுதோறும் நிகழ்கின்றது. அதனை முடித்த 50,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2013இல் வெளியாயிற்று. பலமுறை ஓடி முடித்தவரிடத்தும், விரைந்து முடித்தவரிடத்தும் மேலறை நடுக்கம் மிகுந்திருந்தது. இதனால் உடலுழைப்புத் தீதென்பது பெறப்படாது. அளவான உழைப்பு இதயத்துக்கு நன்மையே. வலிய உடல் என்பது எந்நோய்க்கும் எதிரான கவசம் அன்று என்பதே இதனாற் பெறப்படுவது.

இத்தகைய உண்மைகள் பெருகவே, ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, 'தனித்த நடுக்கம்' என்னும் பெயரைக் கைவிடத்தக்கவற்றுட் சேர்த்தது. ஒரு நோய்க்கு ஏதேனும் ஒரு காரணம் இருத்தலின், அப்பெயர் குழப்பமே தரும் என்பது அதன் கருத்து. தமிழ் பயில்வார்க்கு இது புதிய நெறி அன்று. நோயை இன்னதென்று அறிந்த அளவில் நில்லாது, அதன் மூலத்தையும் தேடியறிந்த பின்னரே தணிக்கும் வழியிற் செல்லுதல் வேண்டும் எனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வற்புறுத்துகின்றது. 'நாடி' என்ற சொல்லும் தமிழில் இருவகையாக நிற்கின்றது. பெயராய் நின்று கையில் ஓடும் துடிப்பை உணர்த்தும். வினையெச்சமாய் நின்று தேடி என்னும் பொருள் தரும். நாடியைத் தொட்டவர் மூலத்தை நாடாது விடுதல் பொருந்துமோ?

இது நிற்க. இங்கு ஒரு தடை எழும். "வழக்கமான காரணங்கள் இல்லாத இளையோர்க்கு இந்நடுக்கத்தாற் பெருந்தீங்கு நேர்வதில்லையே, அவரை அச்சுறுத்துவானேன்?" என்பர் சிலர். இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தார் 1987இல் வெளியிட்ட ஆய்வில், 60 வயதுக்கு உட்பட்ட, வேறு நோயில்லாத 97 நோயாளரை ஆராய்ந்தபோது, 15 ஆண்டுகளிற் பக்கவாதம் உற்றவர் அளவு நூற்றுக்கு 1.3 என்ற சிறு எண்ணாகவே இருந்தது. ஆதலின், இத்தகைய இளையோர் பலர்க்கு இரத்தம் உறையாமற் காக்கும் மருந்து வேண்டுவதில்லை என்றே நெறிமுறைகளும் கூறுகின்றன. அம்மருந்து இரத்தக் கசிவை உண்டாக்க வல்லது. தேவையின்றிக் கொள்ளல் தீங்காம். ஆஸ்பிரின் மாத்திரையோ இந்நோயிற் பக்கவாதத்தைத் தடுக்கும் மருந்தாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே தாமே கடையில் வாங்கி விழுங்குவாரும் ஏமாறுவர்.

ஆயினும் இத்தடை நம் கருத்தை மறுப்பதன்று, வலியுறுத்துவதே யாகும். அத்தீங்கின்மை, வேறு நோயின்மை செவ்வையாகச் சோதித்து அறியப்பட்டார்க்கே உரியது; சோதியாது ஊகிக்கப்பட்டார்க்கு உரியதன்று. மேலும், முப்பது வயதிற் கொதிப்பு இல்லாதவர்க்கு ஐம்பதில் அது வரலாம், நீரிழிவும் வரலாம். அன்று கொடுத்த நற்சான்று என்றும் நிற்பதன்று. ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். 'காரணம் இல்லை' என்ற சொல் அவரை மருத்துவரிடம் மீளாதபடி செய்யுமாயின், அச்சொல்லே ஒரு காரணமாகிவிடும்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். 'வழக்கமான காரணம்' என்பது யாருடைய வழக்கம்? மேனாட்டு நூல்கள் இதனை முதியோர் நோயாகவே பெரிதும் பேசுகின்றன. நம் நாட்டு நிலை வேறு. இந்திய இதயத் துடிப்பியல் சங்கத்தார் தொகுத்து 2017இல் வெளியான பதிவேட்டில், 1,500க்கும் மேற்பட்ட நோயாளரின் சராசரி வயது 55ஐ ஒட்டியே இருந்தது. அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள். குழந்தைப் பருவத்தில் ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைப் புண், சரிவரத் தீர்க்கப்படாதபோது, மூட்டு வீக்கமும் காய்ச்சலுமாய்த் தோன்றி, பின்னாளில் இதய வால்வைச் சுருக்கி விடுகின்றது. இருபது முப்பது வயதுப் பெண்ணொருத்தி மூச்சு வாங்குகின்றது என்று கூறுங்கால், "இவ்வயதில் என்ன இதய நோய்?" எனக் கேட்பது மேனாட்டுக் கணக்கை நம் நாட்டில் ஓட்டுவதாகும். அவள் நெஞ்சினைக் கருவி வைத்துக் கேட்டல் வேண்டும். ஒலியலைக் கருவியால் வால்வைப் பார்த்தல் வேண்டும்.

இளையோர் படும் மற்றோர் இடர், சொல்லியும் நம்பப்படாமை. இந்நடுக்கம் முதலில் விட்டுவிட்டு வருவது. இரவில் வந்து விடியுமுன் நீங்கிவிடும். மறுநாள் எடுக்கும் இதய மின்வரைபடம் பழுதின்றி இருக்கும். "தேர்வு அச்சம்", "பெண்களுக்கு இயல்பான படபடப்பு" எனக் கூறி அனுப்பிவிடுதல் எளிது. பெரும்பாலான படபடப்பு அச்சத்தாலும் அயர்வாலும் வருவதே என்பது உண்மை. ஆயினும் இதனைத் தீர்மானிக்க வேண்டுவது ஊகம் அன்று. துடிப்புக் கெட்டிருக்கும் வேளையில் எடுத்த வரைபடமே. 1909ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ், மின்வரைபடத்தின் துணைகொண்டே மாறாத ஒழுங்கின்மையுடைய நாடிக்கு மேலறை நடுக்கம் காரணமாதலை நிறுவினார். அக்கருவியைச் செம்மையுறச் செய்த டச்சு நாட்டு அறிஞர் ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். நூறாண்டுக்கு முன்னரே கிடைத்த கருவி இன்று சிற்றூர்களுக்கு அணித்தாகவே கிடைக்கின்றது. வேண்டுவது உரிய நேரத்தில் அதனைப் பயன்படுத்துதலே. ஒருநாள் முழுதும் மார்பில் அணிந்து துடிப்பைப் பதியும் சிறு கருவியும் உண்டு.

இனிச் செய்யத்தக்கது யாது என ஆராய்வோம். எல்லாவற்றினும் எளியது நாடி பார்த்தல். சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் என முக்குற்றம் ஆராய்வர். நாம் கூறுவது அத்துணை நுட்பமான கலை அன்று. பெருவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை மெல்ல வைத்து, ஒரு நிமிடம் அமைதியாக இருந்து, 'துடிப்பு ஒரே சீராக வருகின்றதா?' என ஒரு கேள்வி கேட்டலே போதும். மூச்சை ஒட்டிச் சிறிது விரைதலும் தளர்தலும் இளையோர்க்கு இயல்பு. எப்போதோ ஒரு துடிப்புத் தப்புவதும் பெரும்பாலும் தீங்கற்றதே. எவ்விதத் தாளமும் இன்றி, முன்னது பின்னதோடு ஒவ்வாது நாடி ஓடிக்கொண்டே யிருப்பின், அப்போதே சென்று மின்வரைபடம் எடுத்தல் வேண்டும்.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. கைக்கடிகாரத்தைக் கொண்டு நாடியைக் காத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2019இல் வெளியாயிற்று. அதிற் சேர்ந்த 4,19,297 பேருள் ஒழுங்கின்மை அறிவிப்புப் பெற்றவர் நூற்றுக்கு 0.52 அளவினரே, 40 வயதுக்கு உட்பட்டோரில் அஃது இன்னும் மிகக் குறைவு. ஆதலின் இளையோர் நாள்தோறும் நாடியைத் தொட்டுத் தொட்டு அஞ்சுதல் வேண்டா. முதியோர்க்கு மருத்துவர் காணும்போதெல்லாம் நாடி பார்த்தலும், இளையோர்க்குப் படபடப்பு வந்தபோது பார்த்தலும் அளவான நெறியாம்.

தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் வீடு தேடிச் சென்று கண்டறியவும் மருந்து வழங்கவும் வகுக்கப்பெற்றது. அஃது ஏழையர்க்குச் செய்த உதவி பெரிது. வீடு தேடிச் செல்லும் ஊழியர், கொதிப்புப் பார்க்க ஒருவர் கையைப் பற்றும்போதே அரை நிமிடம் நாடியின் ஒழுங்கையும் பார்ப்பாராயின், தனிப்பட்ட கருவியும் செலவும் வேண்டா. "சர்க்கரை இருந்ததா? கொதிப்பு இருந்ததா?" என்னும் இரண்டு கேள்விகளோடு, "நாடி ஒழுங்காக இருந்ததா?" என்னும் மூன்றாம் கேள்வியும் நம் ஊர்களில் வழங்கத் தொடங்கும். நம் கல்லூரி மாணவர் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்காகச் சிற்றூர்களில் ஒரு கிழமை தங்குகின்றனர். சாலை துப்புரவு செய்தலும் மரம் நடுதலும் நன்றே. அவற்றோடு ஒரு மருத்துவரின் மேற்பார்வையில், நாடி பார்க்கும் முறையையும் பக்கவாதத்தின் குறிகளையும் ஊரார்க்குக் கற்பித்தலையும் மேற்கொள்ளலாம். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை சோர்தல், சொல் குழறுதல் ஆகிய மூன்றுள் ஒன்று திடீரெனக் கண்டாலும் உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி, நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தப்பட வேண்டுவது. எண்ணெய் தேய்த்தும் வேறு வைத்தியம் பார்த்தும் கழிக்கும் ஒவ்வொரு நாழிகையும் மூளையின் ஒரு பகுதியை இழப்பதாகும்.

மருத்துவம் பயிலாத தமிழ் மாணவன் இவற்றைப் பேசுதல் ஏன் எனச் சிலர் வினவலாம். சொற்களின் பொருளைப் பிழையற வரையறுத்தல் எம் கல்வியின் பகுதி. 'காரணம் தெரியவில்லை' என மருத்துவர் சொல்லும் சொல், ஊருக்கு வருவதற்குள் 'காரணம் இல்லை' என மாறி, பின்னர் 'விதி' என முடிகின்றது. முதற்சொல்லில் ஒரு தேடல் உளது. இடைச்சொல்லில் ஓர் ஓய்வு உளது. கடைச்சொல்லில் ஒரு கைவிடல் உளது. இம்மூன்றற்கும் இடையே ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் நிற்கின்றன. வழக்கமான காரணங்கள் இல்லாத நோயாளர் நம்மிடம் கேட்பது இரக்கம் அன்று, அச்சுறுத்தலும் அன்று. தம்மைப் பற்றிய ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிடாதீர் என்பதே அவர் வேண்டுகோள். அதனை ஏற்றல் மருத்துவர்க்கும், அரசினர்க்கும், அடுத்த வீட்டில் வாழும் நமக்கும் கடனாம்.